கொல்லிமலை ஏறப் போகும் வடசென்னை நண்பர்களுக்கு

தண்டையார்பேட்டை, காசிமேடு, எண்ணூர் எனச் சமதரையிலேயே சைக்கிள் மிதித்துப் பழகியவர்கள், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏறத் திட்டமிட்டால், முதலில் பார்க்க வேண்டியது கால் வலுவை அன்று, கியரைத்தான். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 28 பற்களே இருந்தால், 32 அல்லது 34 பற்கள் உள்ளதை உங்கள் சைக்கிளின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பாகம்) ஏற்குமா என்று கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கால் திணறாமல் சுழன்றால்தான் முழங்கால் தாங்கும்.

எண்ணூர் கடற்கரைச் சாலையில், கண்டெய்னர் லாரிகள் குறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, எதிர்காற்றில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் சீராக மிதிப்பது, மேம்பாலத்தில் ஓரிரு நிமிடம் முக்கி ஏறுவதைவிட மேலான பயிற்சி என்பது என் கருத்து. மலையில், வளைவின் உள்விளிம்புதான் செங்குத்து. எதிரே வண்டி வராதபோது சற்று விலகித் திரும்பினால் மூச்சு மிச்சமாகும்.

எனக்கு அதிகக் கவலை தருவது இறக்கம்தான். நம் பகுதியின் உப்புக்காற்றில், பிரேக் கேபிள் லீவருக்குள் நுழையும் இடத்தில் வெளியே தெரியாமல் துருப்பிடித்து இழை இழையாகப் பிரிந்திருக்கக்கூடும் என்பதால், லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்து உள்ளே உற்றுப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் புறப்படும் முன் புதுக் கேபிள் போட்டுவிடுங்கள்.