மண்டிக்காரர் எம்.எல்.ஏ. ஆன கதையை எழுதுவது எப்படி?

எங்கள் பெரியப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். அப்புறம் ஒரு தடவை எம்.எல்.ஏ. ஆனார். வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் வாழ்க்கையை எழுதி முடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், நான் செய்த வழி உதவும்.

மாலை போட்ட போட்டோக்களை முதலில் எடுக்காதீர்கள். கணக்குப் புத்தகங்களைத் தேடுங்கள். பரணில் பாருங்கள், பழைய கணக்குப்பிள்ளை வீட்டிலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஒரு மூட்டை சிட்டாவை, அதாவது அன்றாட வரவு செலவு எழுதிய நோட்டுகளை, எடைக்குப் போட்டுவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மிஞ்சியது ஆள்வாரியாகக் கணக்கு எழுதிய ஏழு பேரேடுகள்தான்.

தேர்தலுக்கு முந்தின வருஷத்துப் பேரேட்டையும் பிந்தின வருஷத்துப் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். முந்தினதில், ஓமலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற 42 பேருக்குப் பெரியப்பா முன்பணம் கொடுத்திருக்கிறார். பிந்தினதில் 9 பேர். தேர்தல் செலவு என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. ஆனால் பணம் எங்கிருந்து போனது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. முன்பணம் நின்றதும் மண்டிக்கு வெல்லச் சிப்பம் (கட்டிய மூட்டை) வரத்து குறைந்தது, இரண்டு கடை ஒன்றாயிற்று. கடைக்கு என்ன ஆயிற்று என்பதை விட்டுவிட்டு ஒரு வியாபாரியின் அரசியலை எழுத முடியாது. குடும்பத்தில் சிலர் வேண்டாம் என்பார்கள். எழுதுங்கள்.

கடிதக் கட்டுகளையும் பிரித்துப் பாருங்கள். மாநில அரசுக்குச் சரக்கு சப்ளை செய்யும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. 1951-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு அது. அரசு மாணவர் விடுதிக்கு மளிகை போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, மனுத்தாக்கலுக்கு முன்பு அதை முடித்துக்கொண்ட கடிதத்தின் நகல் எனக்குக் கிடைத்தது. அரசியலுக்காக அவர் முதலில் விட்டது அந்த வரும்படியைத்தான்.

வாக்கு எண்ணிக்கைக்கு ஊர்ப்பேச்சை நம்பாதீர்கள். தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையில் ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கும் இருக்கிறது. 2003-க்குப் பிறகு நின்றவர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு எல்லாம் கிடைக்கும். சட்டமன்றத்தில் பேசியதற்குப் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பாருங்கள்.

தேடும்போது ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள். சேலம் வடக்கு, தெற்கு, மேற்கு என்று தேர்தல் நடந்தது 2011 முதல்தான். அதற்கு முன்பு சேலம்-1, சேலம்-2. தருமபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. அதனால் 1965-க்கு முந்தின ஆவணத்தில் சேலம் மாவட்டம் என்றால் ஓசூரும் அதற்குள் வரும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மண்டியில் மூட்டை தூக்கியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "கல்லாவில் அமர்ந்து" என்று நான் எழுதியிருந்த இடத்தில் ஒரு பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "முதலாளி கல்லாவில எங்க தம்பி உட்கார்ந்தாரு? தராசுக்குப் பக்கத்துல, வெல்லச் சிப்பத்து மேலதான்." அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினேன்.