வட்டமும் கோடும்: வடிவியல் எழுத்துருவைப் பயன்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் கடைப் பலகை, கோயில் திருவிழாப் பதாகை, தமிழ்ப்பள்ளி அழைப்பிதழ் என எதை அச்சிட்டாலும், வட்டமும் நேர்கோடுமாகத் தோன்றும் வடிவியல் சான்ஸ் செரிஃப் (முனைகளில் சிறு கோடுகள் இல்லாத) எழுத்துருவைக் கேட்கிறவர்கள் உண்டு. அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது, பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த ஃபியூச்சரா.

அதன் ஆங்கில 'ஓ'வை (O) காம்பஸால் வரைந்த வட்டம் என்று நம்புவதிலிருந்தே பாதித் தவறுகள் பிறக்கின்றன. வட்ட எழுத்து, பக்கத்திலுள்ள தட்டையான எழுத்தின் அதே உயரத்தில் நின்றால் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் என்பதால், அதை மேலும் கீழும் இம்மியளவு மீறி வரைவார்கள். வளைவு நேர்கோட்டைத் தொடும் இடத்தில் தடிமனையும் குறைப்பார்கள். பத்தடிப் பதாகையை நிரப்புவதற்காக அந்த எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால், வட்டம் முட்டையாகி, செங்குத்துக் கோடு மட்டும் தடித்து, அந்த நுட்பமெல்லாம் வீணாகிவிடும். இடம் மிஞ்சினால் மிஞ்சட்டும்.

மலாய்ச் சொற்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஃபியூச்சராவின் சிறிய 'ஏ' (a) ஒரு வட்டமும் அதை ஒட்டிய குச்சியும்தான். 'ஜாலான்' (jalan), 'லாடாங்' (ladang) என்று அந்த எழுத்தே நிறைந்த சொற்களைச் சாலைக்கு அப்பாலிருந்து படிப்பவருக்கு அது 'ஓ' எனத் தோன்றக்கூடும். பெரிய 'ஐ'யும் (I) சிறிய 'எல்'லும் (l) ஏறத்தாழ ஒரே குச்சியாதலால் 'இல்மு' (Ilmu) என்னும் சொல்லின் தொடக்கமும் குழப்பும். பெயர்ப்பலகையில் முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதுவதே இதற்கு எளிய தீர்வு. 1969இல் அப்பல்லோ 11 நிலவில் விட்டுவந்த பட்டயத்திலும் ஃபியூச்சராவின் பெரிய எழுத்துகளே உள்ளன. பத்தி பத்தியான ஆண்டறிக்கைக்கு இவ்வெழுத்துரு வேண்டாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு தமிழை இதனோடு சேர்க்கும்போது நேர்கிறது. இன்று பரவலாகப் புழங்கும் பாப்பின்ஸ் எழுத்துருவில் ரூமியும் (மலாய், ஆங்கிலம் எழுதும் ரோமன் எழுத்து) தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. அதில் தமிழைத் தட்டினால் கணினி வேறோர் எழுத்துருவைச் சத்தமின்றி நுழைத்துவிடும், நாமோ அதையும் பாப்பின்ஸ் என்றே எண்ணிக்கொள்வோம். அது மெலிந்து தெரிகிறதென்று செயற்கையாகத் தடிமன் கூட்டினால் 'ண', 'ழ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டு, அம்மன் பெயரே கறைபோல் நிற்கும். தமிழும் ரூமியும் சேர்த்து வடிவமைக்கப்பட்ட ஹிந்த் மதுரை, கேட்டமரான் போன்ற எழுத்துருக்களில் அவற்றுக்குரிய தடித்த வடிவத்தையே எடுப்பது நல்லது. அவை அச்சொட்டான வட்டங்கள் அல்ல என்றாலும் பலகையில் இரு மொழிகளும் ஒரே குடும்பமாக நிற்கும்.

ஃபியூச்சராதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளருக்கு, இரு மொழிக்கும் ஒரே அளவெண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. அதன் சிறிய எழுத்துகள் உயரம் குறைந்தவை. பக்கத்தில் தமிழ் பூதாகரமாகத் தெரியும். எண்ணை மறந்து, ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பார்த்துத் தமிழின் அளவைக் குறைக்க வேண்டும். 'கி', 'கீ' போன்றவற்றின் மேல்வளைவுகளும் 'கு', 'கூ' போன்றவற்றின் வால்களும் மோதாதபடி தமிழுக்கு வரி இடைவெளியைக் கூட்டவும் வேண்டும்.