பழைய டீசல் பிக்கப் உதறினால், பம்பைக் கழற்றுவதற்கு முன்

பழைய டீசல் பிக்கப்பின் எஞ்சின் ஐடிலிங்கில் உதறி மிஸ்ஸிங்கோடு ஓடினால், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் பம்பிலிருந்து வரும் பைப்பின் நட்டையும் முறை வைத்து அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, சத்தத்தைக் கேட்டுவிட்டு உடனே இறுக்குங்கள். நட்டு தளர்ந்ததும் டீசல் அங்கேயே கசிந்து, அந்த சிலிண்டருக்குள் தெளிக்கப்படாமல் போகிறது. ஆகவே நன்றாக உழைத்த சிலிண்டராக இருந்தால் எஞ்சின் மேலும் தள்ளாடும், ஏற்கெனவே படுத்துவிட்ட சிலிண்டராக இருந்தால் ஓட்டத்தில் மாற்றமே இராது.

மாற்றம் காட்டாத சிலிண்டரின் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டருடையதோடு மாற்றிப் பூட்டிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் இன்ஜெக்டரின் நாசில்தான், அதாவது டீசல் தெளிக்கும் முனைதான், காரணம்; அங்கேயே நின்றால் வால்வு, கம்ப்ரஷன், பம்பு என்று தேட வேண்டும். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பழையது பெரும்பாலும் கசியும். ஆத்தங்குடித் தளக்கல் ஏற்றிக் காரைக்குடிக்கு ஓடும் வண்டிக்காரருக்கு, பம்புக்கும் நான்கு நாசிலுக்கும் சேர்த்து அழ வேண்டிய பணம் ஒரே நாசிலோடு நின்றுவிடக்கூடும்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அதன் பைப்பில் 1000 பாருக்கும் மேல் அழுத்தம் ஏறும் என்பதால், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பழைய எஞ்சினிலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணியைச் சுற்றி, கையை விலக்கியே வையுங்கள். நான்கு நட்டுகளுக்கும் எஞ்சின் ஒரே மாதிரி தள்ளாடினால், சிலிண்டர்களை விட்டுவிட்டு, டீசல் ஃபில்டர் அடைப்பையும் லைனில் புகும் காற்றையும் பாருங்கள்.