பூச்சாடி எந்த ஊரில் சுட்டது? அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயரோ முத்திரையோ தெரியாத மெருகிட்ட பூச்சாடி ஒன்று கைக்கு வந்ததும், பலர் அதன் நிறத்தைப் பார்த்தே ஊர் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். செலடான் எனப்படும் சாம்பல் கலந்த பச்சை மெருகு சீனத்தின் லோங்சுவான் சூளைகளிலும், கொரியாவின் கோர்யோ அரசிலும், தாய்லாந்தின் சி சட்சனாலையிலும் உருவானது. சிறிதளவு இரும்பு கலந்த மெருகைக் காற்றோட்டம் குறைத்த சூளையில் சுட்டால் அந்தப் பச்சை எந்த நாட்டிலும் கிடைக்கும்.

எனவே முதலில் சாடியைக் கவிழ்த்து, மெருகு ஏறாத அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். சி சட்சனாலைக் குயவர்கள் பாண்டங்களைக் களிமண் குழாய்களின் மேல் நிறுத்திச் சுட்டதால், அடியில் கருத்த வட்டத் தடம் பதிந்திருக்கும். பழைய வியட்நாமியப் பாண்டங்கள் பலவற்றின் அடியில் சாக்லேட் நிறப் பூச்சு காணப்படும். மெருகில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உடனே உறிஞ்சினால் குறைந்த வெப்பத்தில் சுட்ட மண்பாண்டம், அப்படியே நின்றால், கெட்டியாகச் சுட்ட கல்பாண்டமாகவோ பீங்கானாகவோ இருக்கலாம். இது ஊரைச் சொல்லாது. ஆனால் பொருந்தாத ஊர்கள் பலவற்றை ஒதுக்கிவிடும்.

அடியில் உள்ள எண்ணை ஆண்டாகப் படிப்பது நான் மிக அதிகமாகக் காணும் தவறு. ‘271-22’ என்றும் ‘டபிள்யூ. ஜெர்மனி’ என்றும் பொறித்த சாடியை 1922இல் செய்ததாகச் சொல்பவர்கள், மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1949இல்தான் பிறந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். அத்தகைய சாடிகளைச் செய்த ஷொய்ரிஷ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் முறையில் முன்னெண் வடிவத்தையும் பின்னெண் சென்டிமீட்டரில் உயரத்தையும் குறிக்கும். அளவுகோலை வைத்தால் ஏறத்தாழ 22 வரும்.

சீன அரசர் முத்திரையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. செங்குவா (1465–1487) காலத்து முத்திரையைக் காங்ஷி (1662–1722) காலத்திலும் 19ஆம் நூற்றாண்டிலும் முன்னோர் மீதுள்ள மதிப்பால் தாராளமாக எழுதினார்கள். எல்லா நேரமும் அதில் ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று சொல்ல முடியாது. அடியில் நாட்டின் பெயர் இல்லாததால் சாடி 1891க்கு முற்பட்டது என்பதும் தவறான கணக்கே. செய்த நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த விதி அமெரிக்காவுக்குள் இறக்குமதியான பொருள்களுக்கு மட்டுமே பொருந்தியது. தவிர, நாட்டின் பெயரைத் தாங்கிய காகிதச் சீட்டு எப்போதோ உரிந்து போயிருக்கலாம்.

கப்பலேறிய துறையையும் கிடைத்த இடத்தையும் சூளை இருந்த ஊராகக் கொள்ளக் கூடாது. ‘இமாரி’ என்பது ஜப்பானின் அரீத்தா ஊரில் செய்த பீங்கான் ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயர். ‘மர்த்தபான்’ சாடிகளில் பல, அந்தப் பர்மியத் துறையில் அல்லாமல் தென்சீனத்தில் செய்யப்பட்டவை. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் அகழ்ந்தெடுத்த செலடான் ஓடுகளும் சீனத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே.

மெருகில் ஓடும் நுண்ணிய வெடிப்புகளும் பழைமைக்குச் சான்றல்ல. குளிரும்போது மெருகு களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், சூளையிலிருந்து எடுத்த அன்றே வெடிப்பு விழும். அதில் தேநீர்க் கறையை ஏற்றிப் பழுப்பாக்குவது எளிது.

அடியைத் தேய்த்துக் கழுவுவதும் சாடியை இரவு முழுவதும் வாளியில் ஊறவைப்பதும் கூடாது. மண்பாண்டம் நீரை உறிஞ்சிக் கறைபடும். ஒட்டியிருந்த சீட்டும் மிதந்துவிடும். தூசியைத் தட்டுவதற்கு முன்பே, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து அடியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரொளியில் தெரியாத மங்கிய பொறிப்பு அந்த நிழலில்தான் எழுந்து தெரியும்.