முதல் எட்டாயிரம் மீட்டர்: மனாஸ்லு ஏறப் போகிறவர்களுக்குப் படிப்படியாக

வழிகாட்டிக் குழுவோடு பெரிய மலைக்குப் போனால் கூடாரம் அடிப்பது, சமைப்பது, கயிறு கட்டுவது, ஆக்சிஜன் சிலிண்டரை மேலே கொண்டுபோய் வைப்பது எல்லாவற்றையும் கூட ஏறும் நேபாள மலையேற்றத் துணைவர்களான ஷெர்பாக்களே பார்த்துக்கொள்வார்கள். அதனால் கையில் காசும் உடம்பில் தெம்பும் இருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. நாலு வேலையை உங்களுக்காக வேறு யாராலும் செய்ய முடியாது: கயிற்றில் கொக்கியை மாட்டுவது, தண்ணீர் குடிப்பது, உடம்பு என்ன சொல்கிறது என்பதை மறைக்காமல் சொல்வது, திரும்பச் சொன்னால் திரும்புவது. இந்த நாலும் பழகாமல் யாரும் மேலே போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்ளும் மலை மனாஸ்லு. நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் இருக்கிறது, 8,163 மீட்டர், உலகத்திலேயே எட்டாவது உயரம். 1956 மே 9 அன்று ஜப்பான் குழுவிலிருந்து தோஷியோ இமானிஷியும் ஷெர்பா கியால்சென் நோர்புவும் முதன்முதலாக உச்சியைத் தொட்டார்கள். இன்றைக்குத் தங்கள் முதல் எட்டாயிரம் மீட்டர் மலையாகப் பலர் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், செங்குத்தான பாறை ஏற்றம் அதிகம் கிடையாது, பெரும்பாலும் பனி மூடிய சரிவுதான். செப்டம்பரில் பல குழுக்கள் ஒன்றாக வருவதால் வழி நெடுகக் கயிறும் கட்டியிருப்பார்கள். அதற்காகச் சுலபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2012 செப்டம்பர் 23 அதிகாலையில் மூன்றாம் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்து 11 பேர் இறந்தார்கள். பலர் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

படி 1: இரண்டு வருடம் முன்பே தொடங்குங்கள்

உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ டார்ஜிலிங்கில் உள்ள இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்திலோ அடிப்படைப் பயிற்சி முடித்துவிடுங்கள். ஏறக்குறைய நான்கு வாரம் நடக்கும், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் வெகுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும். கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டம்) மாட்டி நடப்பது, வழுக்கினால் பனிக்கோடரியைக் குத்தி நிற்பது, கயிற்றில் இறங்குவது எல்லாம் அங்கே கையைப் பிடித்துச் சொல்லித்தருவார்கள்.

அப்புறம் ஒரு ஆறாயிரம் மீட்டர் மலை. லடாக்கில் காங் யாட்சே 2 (6,250 மீட்டர்), நேபாளத்தில் மேரா (6,476 மீட்டர்) இரண்டுமே நல்ல தொடக்கம். அதற்கடுத்து ஒரு ஏழாயிரம். லடாக் பக்கம் குன் 7,077 மீட்டர், நுன் 7,135 மீட்டர். இந்த ஏழாயிரத்தை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள். உயரத்தில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று எந்த ரத்தப் பரிசோதனையும் முன்கூட்டிச் சொல்லாது, போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதை எட்டாயிரத்தில் போய்த் தெரிந்துகொள்வது ரொம்பத் தாமதம்.

உடற்பயிற்சிக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முதுகில் 15 கிலோ மூட்டையோடு மாடிப்படி. வேகம் வேண்டாம், பேசிக்கொண்டே ஏறும் அளவுக்கு மெதுவாக, ஆனால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று நிற்காமல். கோயம்புத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வெள்ளியங்கிரி இருக்கிறது, மற்றவர்களுக்கு ஏதாவது பத்து மாடிக் கட்டடம் போதும்.

படி 2: குழுவிடம் கேட்க வேண்டியவை

விலையை மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்கென்று தனியாக ஒரு ஷெர்பா உண்டா, அவர் இதற்கு முன் இந்த மலையில் எத்தனை முறை ஏறியிருக்கிறார், உங்களுக்கு எத்தனை சிலிண்டர், அவருக்கு எத்தனை, உபரி எங்கே இருக்கும், வானிலைக் கணிப்பு யாரிடமிருந்து வாங்குகிறார்கள் என்று ஒவ்வொன்றாக எழுத்தில் கேளுங்கள். ஷெர்பாக்களுக்கும் சமையற்காரருக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் காப்பீடு எவ்வளவு என்பதையும் கட்டாயம் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்தக் குழு வேண்டாம், நான் இதில் பிடிவாதமாகவே இருப்பேன். உங்கள் காப்பீட்டையும் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு இந்த உயரத்துக்குச் செல்லாது. ஹெலிகாப்டர் மீட்பும் 8,000 மீட்டருக்கு மேலான மலையேற்றமும் அடங்கும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

படி 3: கொக்கி மாட்டப் பழகுங்கள், வீட்டிலேயே

இதுதான் இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம், நிதானமாகப் படியுங்கள்.

இடுப்பில் ஹார்னஸ், அதாவது இடுப்பையும் தொடையையும் சுற்றிய பட்டை வார், கட்டியிருப்பீர்கள். அதிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள் தொங்கும். ஒன்றின் நுனியில் ஜுமார் என்ற கைப்பிடிக் கருவி. கயிற்றில் மேலே தள்ளினால் போகும், கீழே இழுத்தால் பல் கடித்து நின்றுவிடும். இன்னொன்றின் நுனியில் கேரபினர், அதாவது காப்புக் கொக்கி. மலையில் கட்டிய கயிறு ஒரே நீளமாக இருக்காது, இடையிடையே பனியில் அறைந்து முடிச்சுப் போட்டிருப்பார்கள், அதை ஆங்கர் என்கிறோம். ஜுமார் முடிச்சைத் தாண்டாது, கழற்றித்தான் மாட்ட வேண்டும். விபத்து காத்திருப்பது அந்த இடத்தில்தான்.

ஆங்கரை அடைந்ததும் முதலில் காப்புக் கொக்கியைக் கழற்றி முடிச்சுக்கு மேலே உள்ள கயிற்றில் மாட்டுங்கள். பூட்டுங்கள். ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஜுமாரைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். இரண்டில் ஒன்று எப்போதும் கயிற்றில் இருக்கும், ஒரு நொடிகூட இரண்டும் கையில் இருக்காது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் 7,000 மீட்டரில், பாதி ராத்திரியில், தடித்த கையுறைக்குள் விரல் மரத்துப் போயிருக்கும்போது, எதை முதலில் கழற்றினோம் என்பதே மறந்துபோகும்.

அதனால் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி, நடுவில் நாலு முடிச்சுப் போட்டு, நீங்கள் மேலே கொண்டுபோகப் போகிற அதே தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பழகுங்கள். நான் மூன்று மாதம் தினமும் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு 50 தடவை மாட்டிக் கழற்றினேன். முதல் வாரம் கேரபினர் திருகு கையுறையில் வழுக்கிக்கொண்டே இருந்தது, பிறகு பெரிய வாய் உள்ள ஒன்றை வாங்கி மாற்றினேன். அந்தப் பிரச்சினையை நான்காம் முகாமில் கண்டுபிடித்திருந்தால் கையுறையைக் கழற்றியிருப்பேன், விரல் போயிருக்கும்.

படி 4: சாமான்

நிறைய விஷயத்தைக் காத்மாண்டுவின் தமேல் கடைகளில் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். டவுன் சூட் (இறகு அடைத்த முழு உடை), தூக்கப் பை எல்லாம் வாடகைக்கு எடுத்தால் தப்பில்லை. பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். எட்டாயிரம் மீட்டருக்கென்றே செய்த பூட்ஸ், தடித்த காலுறை போட்ட பிறகும் விரல்கள் தாராளமாக அசையும் அளவில். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து பனிக்கடி வரும், அதாவது குளிரில் விரல் சதை உறைந்துவிடும். கிராம்பான் அந்தப் பூட்ஸில் சரியாக உட்காருகிறதா என்று ஊரிலேயே மாட்டிப் பாருங்கள்.

படி 5: சாமா ஊர் வரை

காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் போய், பிறகு புடி கண்டகி ஆற்றை ஒட்டி ஜகத், தேங், நம்ருங், லோ என்று ஏறக்குறைய ஒரு வாரம் நடந்தால் சாமா காவ்ன். உயரம் சுமார் 3,500 மீட்டர். மழைக்காலத்தின் கடைசி என்பதால் பாதையில் மண்சரிவும் அட்டைக்கடியும் இருக்கும், சிலர் ஹெலிகாப்டரில் நேரே சாமாவில் இறங்கிவிடுகிறார்கள். நேரம் இருந்தால் நடந்தே போங்கள். 3,000 மீட்டர் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நடந்தால் அது தானாகவே அமைந்துவிடும், பறந்து போனால் சாமாவில் கூடுதலாகத் தங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். உயரத்துக்கு உடம்பு பழக டயமாக்ஸ் மாத்திரை உதவும், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சாமா மக்களுக்கு இந்த மலை தெய்வம். 1953-இல் ஜப்பான் குழு ஏற முயன்று திரும்பியது. பிறகு பனிச்சரிவில் ஊர்க்காரர்களுடைய மடாலயம் அழிந்தது. தெய்வம் கோபித்துக்கொண்டது என்று சொல்லி 1954-இல் வந்த அடுத்த குழுவை ஊர்க்காரர்கள் வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்கு அதே ஊர்க்காரர்கள்தான் அடிவார முகாமுக்கு நம் மூட்டைகளைச் சுமந்து ஏற்றுகிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு அந்த ஊருக்குள் நடங்கள்.

படி 6: அடிவார முகாமும் பூஜையும்

சுமார் 4,800 மீட்டரில் அடிவார முகாம். லாமா வந்து பூஜை செய்யும் வரை யாரும் மேலே போக மாட்டார்கள். கல் மேடையில் உங்கள் பனிக்கோடரியையும் கிராம்பானையும் சாய்த்து வைப்பார்கள், ஜூனிபர் இலையை எரித்த புகை எழும், கடைசியில் எல்லோர் கன்னத்திலும் மாவு பூசுவார்கள். முழு நேரமும் உட்கார்ந்திருங்கள், கைபேசியில் படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் உயிரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அங்கே தன் உயிருக்காகவும் வேண்டிக்கொண்டிருக்கிறார்.

படி 7: ஏறி இறங்கிப் பழகுதல்

நேராக உச்சிக்குப் போக முடியாது. முதல் முகாம் (சுமார் 5,700 மீட்டர்) போய்த் தூங்கி இறங்குவது, அடுத்த முறை இரண்டாம் முகாம் (சுமார் 6,400 மீட்டர்) வரை போய்த் தூங்கி இறங்குவது, முடிந்தால் மூன்றாம் முகாமைத் தொட்டுவிட்டு வருவது. 5,500 மீட்டரிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான், அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். முதல் முகாமுக்கும் இரண்டாம் முகாமுக்கும் நடுவில் பனி வெடிப்புகளும் செங்குத்தான பனிச்சுவர்களும் வரும், சில இடத்தில் ஏணி போட்டிருப்பார்கள். கொக்கிப் பயிற்சி எல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும்.

ஷெர்பா "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பார், மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அப்படியே கேளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு லிட்டர் தண்ணீர் உள்ளே போக வேண்டும். அங்கே தண்ணீர் என்றால் பனியை உருக்கியதுதான், ஒரு பானை பனி உருகினால் அடியில் கொஞ்சமாகத்தான் நிற்கும், அதை உருக்க ஒருவர் மணிக்கணக்கில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஊற்றிக் கொடுத்ததை மிச்சம் வைக்காதீர்கள். ராத்திரி பூட்ஸின் உள்ளுறையைத் தூக்கப் பைக்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலையில் கட்டையாக உறைந்திருக்கும்.

இரண்டாம் முகாமில் எனக்கு ஒரு ராத்திரி தலைவலி. காலையில் என்னோடு வந்த ஷெர்பா தாஜு எப்படி இருக்கிறது என்று கேட்டபோது "நன்றாக இருக்கிறேன்" என்றேன், இறக்கிவிட்டுவிடுவாரோ என்ற பயத்தில். அவர் பதில் பேசவில்லை. கூடாரத்துக்கு வெளியே கூட்டிப்போய்ப் பனியில் ஒரு கோடு கிழித்து, குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் தடுமாறினேன். அரை மணி நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிட்டோம். நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது மூளை வீக்கத்தின் அடையாளம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவதும் நுரையோடு இருமுவதும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவதுதான். நான் அன்றைக்குப் பொய் சொன்னதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய நிலை வந்திருந்தால் அவர் உயிரும் சேர்ந்து ஆபத்தில் இருந்திருக்கும். ஐந்து நாள் கீழே இருந்து தேறிய பிறகுதான் மறுபடி ஏறினேன்.

படி 8: உச்சிக்கு

காற்று அடங்கும் நாட்களைப் பார்த்து அடிவாரத்திலிருந்து கிளம்புவார்கள். மூன்றாம் முகாம் (சுமார் 6,800 மீட்டர்) தாண்டியதும் பெரும்பாலும் ஆக்சிஜன் மாட்டுவார்கள். மூன்றிலிருந்து நான்காம் முகாம் (சுமார் 7,400 மீட்டர்) வரையுள்ள நீண்ட சரிவு எனக்கு உச்சி நாளைவிடக் கடினமாக இருந்தது.

ஆக்சிஜன் கணக்கை நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். 4 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,200 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 10 மணி நேரம், 4 வைத்தால் 5 மணி நேரம். கிளம்பும்போது அழுத்தமானியைப் படித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முகமூடியின் வால்வில் மூச்சின் ஈரம் உறைந்து அடைக்கும், அவ்வப்போது விரலால் தட்டி உடைத்துவிட வேண்டும்.

நடு இரவுக்குப் பிறகு புறப்பாடு. எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முந்தின நாள் மாலையே ஷெர்பாவோடு பேசி முடிவு செய்துவிடுங்கள், மேலே போய்ப் பேசினால் பேச்சு ஆசையின் பக்கம் சாயும்.

உச்சியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மனாஸ்லுவில் பல வருடம் நிறையப் பேர் உண்மையான உச்சிக்குச் சற்று முன்னாலுள்ள முகட்டில் நின்றுவிட்டு ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். 2021 இலையுதிர்காலத்தில் நேபாள மலையேறி மிங்மா ஜி தலைமையில் ஒரு குழு பக்கவாட்டில் கடந்து உண்மையான உச்சிக்கே போனது. அதே சமயம் எடுத்த ட்ரோன் படத்தில் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் கயிறு எதுவரை கட்டுகிறார்கள் என்று குழுவிடம் முன்பே கேளுங்கள். முன்முகட்டிலிருந்து திரும்பினால் முன்முகட்டிலிருந்து திரும்பினேன் என்றே சொல்லுங்கள், அதில் குறைவு ஒன்றும் கிடையாது.

படி 9: இறங்குவது

உச்சியில் கால் மணி நேரம் போதும். இறங்கும்போது உடம்பு தளர்ந்திருக்கும், கவனம் சிதறும், அதே ஆங்கர்களை இப்போது முகம் வெளிப்பக்கம் பார்த்துக் கடக்க வேண்டும். மாட்டும் வரிசை அதேதான், காப்புக் கொக்கி முதலில். பழைய வருடத்துக் கயிறுகள் வெளுத்துப்போய்ப் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். இந்த வருடத்துக் கயிறு என்ன நிறம் என்று ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆங்கருக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒருவர் மட்டும். முடிந்தால் அன்றைக்கே மூன்றாம் முகாமோ இரண்டாம் முகாமோ வந்துவிடுங்கள், ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் மூச்சு லேசாவது தெரியும்.

அடிவார முகாம் வந்ததும் காலுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். வெள்ளையாக, மரத்துப்போய் இருந்தால் தேய்க்காதீர்கள், நெருப்பிலும் காட்டாதீர்கள். 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் போல வைத்திருக்க வேண்டும், வலி கடுமையாக இருக்கும், மறுபடி உறையவிடக் கூடாது. தாஜு எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர் கொண்டுவந்து வைத்து, தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பதைப் போல. அவர் கால் விரல்களை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரையும் உட்காரச் சொல்லிப் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். நீங்களும் சொல்லுங்கள்.