அப்பலாச்சியாவில் பாட்டுக்காரர்களையும் தன்னெழுச்சிக் கலைஞர்களையும் தேடிப் போவது எப்படி

அமெரிக்காவின் கிழக்கே இருக்கிற அப்பலாச்சியா மலைப் பக்கம் போய் அங்குள்ள ஃபிடில் (நம் வயலின்தான்), பாஞ்சோ (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) கலைஞர்களைப் பார்க்க வேண்டும், கலைப் பள்ளி வாசலையே மிதிக்காமல் மரம் செதுக்குகிறவர்களையும் படம் எழுதுகிறவர்களையும் சந்திக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எடுத்த எடுப்பில் யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள் என்பதுதான். அவர்கள் கூடுகிற இடத்தில் முதலில் போய் உட்காருங்கள். ஊர்க்காரர்களுக்கு உங்கள் முகம் பழகிவிட்டால், யாரைப் பார்க்கலாம், எப்போது போகலாம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நான் இருப்பது சார்லட்டில். எனக்குப் பக்கத்து வாசல் மவுண்ட் ஏரி. வட கரோலினாவும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர். அங்கே டபிள்யூ.பி.ஏ.க்யூ. என்ற வானொலி 1948 முதல் மலை இசையை ஒலிபரப்பி வருகிறது. சனிக்கிழமை முற்பகலில் எர்ல் தியேட்டரில் உள்ளூர்க் குழுக்கள் வாசிப்பது அப்படியே நேரடியாகப் போகும். காரில் வரும்போதே 740 ஏ.எம்.-ஐத் திருப்பி வையுங்கள். பாட்டுக்கு நடுவே வரும் உள்ளூர் அறிவிப்புகளையும் விடாமல் கேளுங்கள். அடுத்த வாரம் எங்கே கூடுகிறார்கள் என்பது பல சமயம் அதில்தான் தெரியவரும்.

அங்கிருந்து வடக்கே போனால் தென்மேற்கு வர்ஜீனியா. அங்கே மலை இசைக்கென்றே ஏறத்தாழ 330 மைல் நீளத்துக்கு ஒரு வழித்தடம் போட்டிருக்கிறார்கள், குரூக்கெட் ரோடு என்று பெயர். முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டி முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை மாலை ஃப்ளாய்ட் ஊரின் பழைய கடையில் நடக்கிற இசைக் கூட்டம் ஒன்று. முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் நடனம். அந்த மரத்தரையில் எழுபது வயதுக்காரர்கள் காலைத் தரையை விட்டு அதிகம் தூக்காமலே தாளம் போடுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபிடில் வில் போகிற போக்கும் அந்தக் குதிகாலும் ஒன்றாக விழும். இந்த இசை காதுக்கு மட்டும் ஏற்பட்டதில்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

சனி இரவு ஹில்டன்ஸ் பக்கம் கார்ட்டர் ஃபோல்டு என்ற இசைக்கூடம் இன்னொன்று. 1927-இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பீர் பிரிஸ்டல் ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, ஒரு பாட்டுக்கு 50 டாலர் தருவதாகச் சொன்னார். கிளின்ச் மலை அடிவாரத்திலிருந்து போய்ப் பாடியவர்கள் ஏ.பி. கார்ட்டர், சாரா, மேபெல் மூவரும். ஏ.பி., சாரா இருவரின் மகள் ஜேனட், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற 1974-இல் தொடங்கிய சனிக்கிழமைக் கச்சேரி அவர் காலத்துக்குப் பிறகும் தொடர்கிறது. மின்சாரக் கிட்டாருக்கு மேடையில் இடமில்லை. மதுவும் கிடையாது. குழந்தைகளைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம்.

கச்சேரி கேட்பது சுலபம். வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற ஜாமில்தான் புதிதாய் வருகிறவர்கள் தடுமாறுவார்கள். ஓல்டு டைம் என்கிற பழைய மலை இசை வட்டத்தில் தனி ஆவர்த்தனம் என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப, சில சமயம் பத்து நிமிடம்கூட, சேர்ந்து வாசிப்பார்கள். அதிலிருந்து பின்னால் கிளைத்த ப்ளூகிராஸ் இசை வட்டத்திலோ தனியாக வாசிக்க ஆளுக்கு ஒரு சுற்று வரும். எந்த வட்டம் என்று தெரியாமல் உள்ளே நுழைந்து உங்கள் திறமையைக் காட்டிவிடாதீர்கள். ஓல்டு டைம் பாஞ்சோவில் சுருதி மாறினால் தந்திகளைத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டும், அதனால் ஒரு சுருதியில் உட்கார்ந்தால் வெகு நேரம் அதிலேயே இருப்பார்கள். நடுவில் வேறு சுருதியில் பாட்டு கேட்டால் பாஞ்சோக்காரருக்குத்தான் வேலை. மெட்டைத் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கினால் அதோடு முடிகிறது என்று அர்த்தம். வாசிக்கத் தெரியாதவர் வட்டத்துக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் பெரும்பாலும் அப்படித்தான். வயலின் கொஞ்சம் கற்றிருந்தாலும் அந்த வில்லடி வேறு. முதலில் அது காதில் ஊற வேண்டும்.

ஆகஸ்டில் காலாக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கிற ஃபிடில் மாநாட்டுக்குப் போகிறவர்கள் மேடை எதிரிலேயே இருந்துவிடாதீர்கள். நல்ல வாசிப்பெல்லாம் கூடாரங்களுக்கு நடுவே, வண்டி நிறுத்துமிடத்தில், நள்ளிரவு தாண்டி நடக்கும். மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப் இசை விழாவும் அப்படித்தான். மடக்கு நாற்காலியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஞ்சோவின் மூலம் ஆப்பிரிக்கா என்பதையும், எட்டா பேக்கர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் இந்த மலைகளிலேயே வாசித்து வாழ்ந்தார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வெள்ளை முகங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி இசையைத் தவறவிட்டதாகத்தான் அர்த்தம்.

இதற்கெல்லாம் அப்புறம்தான் வீடுகள். இசைக்கலைஞரும் புகைப்படக்காரருமான ஜான் கோஹன் 1959-இல் கிழக்கு கென்டக்கியில் பெட்ரோல் பங்குகளில் நிறுத்தி, இந்தப் பக்கம் பாஞ்சோ வாசிக்கிறவர் யார் என்று விசாரித்துக்கொண்டே போய்த்தான் ராஸ்கோ ஹோல்கோம்பைக் கண்டார். சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் உழைத்துத் தேய்ந்த மனிதர், குரலைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். விசாரிக்கிற அந்த முறை இன்றும் செல்லும். பெட்ரோல் பங்கு, தீயணைப்பு நிலையம், தேவாலயத்து விருந்து, தபால் நிலையம், எங்கே வேண்டுமானாலும் கேளுங்கள். பெயரும் வழியும் கிடைத்தால் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், மலை இடுக்குகளில் செல்போன் சிக்னல் நின்றுவிடும். மேற்கு வர்ஜீனியாவின் போகஹான்டஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியைச் சுற்றி அலைபேசிக்குச் சட்டப்படியே கட்டுப்பாடு உண்டு. முடிந்தால் வழி சொன்னவரிடமே, நாங்கள் வருவதாக ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

கேமரா விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். 1964-இல் அமெரிக்க அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம் வந்தபோது, கிழிந்த சட்டையையும் சரிந்த திண்ணையையும் தேடிப் படம்பிடிக்க வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1967-இல் கென்டக்கியின் லெட்சர் கவுண்டியில், வாடகைக் குடித்தனக்காரரைப் படமெடுத்த கனடா நாட்டு இயக்குநரை இடத்தின் சொந்தக்காரர் சுட்டுக் கொன்றார். கொலைக்கு நியாயம் கிடையாது. ஆனால் அவமானப்பட்ட கோபம் அங்கே எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது அதில் தெரிகிறது. அதே கவுண்டியில், வைட்ஸ்பர்க் ஊரில், 1969-இல் ஆப்பல்ஷாப் என்ற திரைப்படப் பட்டறை தொடங்கியது. உள்ளூர் இளைஞர்களே கேமராவைப் பிடித்துத் தங்கள் ஊரைத் தாங்களே காட்டினார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். அங்கே போனதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

படைப்பாளிகளைத் தேடுவது பாட்டுக்காரர்களைத் தேடுவதைவிடக் கடினம், அவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் கூட்டம் கிடையாது. முதலில் ஜார்ஜியாவின் சம்மர்வில் அருகே ஹோவர்ட் ஃபின்ஸ்டரின் பாரடைஸ் கார்டனுக்குப் போகச் சொல்வேன். சைக்கிள் பழுதுபார்த்த பாப்டிஸ்ட் போதகர். 1976-இல் விரல் நுனியில் ஒட்டிய பெயின்டில் ஒரு முகம் தெரிந்ததாகவும், அது தன்னைப் புனிதப் படங்கள் எழுதச் சொன்னதாகவும் சொன்னார். ஒவ்வொரு படைப்புக்கும் எண் போட்டு 46,000-ஐத் தாண்டினார். சைக்கிள் பாகம், உடைந்த கண்ணாடி, பாட்டில் என்று கிடைத்ததை எல்லாம் சிமென்டில் பதித்துக் கட்டிய தோட்டத்தில் நடந்துவிட்டு வந்தால், சாலையோரத்து முற்றங்களைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

மேற்கு வர்ஜீனியாவில் எஸ்.எல். ஜோன்ஸ் ரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்ற பிறகு மரத்தில் முகங்கள் செதுக்கினார், இளமையில் ஃபிடில் வாசித்தவர். டென்னசியின் ஆல்கோவாவில் பெஸ்ஸி ஹார்வி மர வேர்களிலேயே உருவங்களைக் கண்டார். கென்டக்கியில் எட்கர் டோல்சன் செதுக்கிய ஆதாம் ஏவாளும், மின்னி ஆட்கின்ஸின் நீலச் சேவல்களும் பெயர் பெற்றவை. இவர்களுடைய படைப்புகளை அருங்காட்சியகங்களில் முதலில் பாருங்கள். அங்குள்ள ஊழியர்களிடம், இப்போது யார் செய்கிறார்கள், பார்வையாளர்கள் வந்தால் யாருக்குச் சம்மதம் என்று கேளுங்கள்.

வாங்கும்போது பேரம் பேச வேண்டாம். சொற்ப விலைக்கு வாங்கி நகரத்து கேலரிகளில் பல மடங்குக்கு விற்றவர்கள் இந்த மலைகளில் நிறையப் பேர். சொன்ன விலையைப் பணமாகக் கொடுங்கள். குறைவாகச் சொல்கிறார் என்று தோன்றினால் கூடவே கொடுங்கள். பின்புறத்தில் பெயரும் தேதியும் போட்டுத் தரச் சொல்லுங்கள், என்ன உருவம் என்று அவர் வாயால் சொல்வதை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பாட்டைப் பதிவு செய்யச் சம்மதித்தால், எங்கே போடப் போகிறீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வீடு திரும்பிய வாரமே ஒரு சிடியும் அச்சிட்ட புகைப்படங்களும் தபாலில் அனுப்புங்கள். அவர்கள் வீட்டில் இணையம் இருக்கும் என்று நம்பி லிங்க் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள்.