விர்ச்சுவல்பாக்ஸ் நெட்வொர்க்: ஒரு விஎம்முக்கு இரண்டு அடாப்டர்

கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸை நிறுவியாயிற்று. உள்ளே இணையம் வருகிறது, அப்டேட்டும் ஓடுகிறது. ஆனால் உங்கள் கணினியிலிருந்து அந்த விஎம்மை எட்ட முடியவில்லை. இணைப்பைச் சோதிக்கும் பிங் அடித்தால் பதில் இல்லை. நெட்வொர்க் முறையை 'பிரிட்ஜ்டுக்கு மாற்றிவிடு' என்றுதான் பெரும்பாலும் யோசனை சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். முதலிலிருந்தே இருக்கும் நேட் அடாப்டரை (நெட்வொர்க் கார்டை) இருந்தபடியே விட்டுவிட்டு, கூடவே உங்கள் கணினியையும் விஎம்மையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேட் முறையில் விர்ச்சுவல்பாக்ஸே அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் மாதிரி வாசலில் நிற்கிறது. உள்ளிருந்து யாரும் வெளியே போய் வரலாம். வெளியாள் தானாக உள்ளே வர முடியாது. விஎம்முக்கு வழக்கமாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். இரண்டு விஎம் ஓட்டினால் இரண்டிலும் இதே எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனி நெட்வொர்க்கில் இருப்பதால் மோதல் வராது. ஒன்றை ஒன்று பார்க்கவும் முடியாது என்பதுதான் குறை.

பிரிட்ஜ்டில் விஎம் உங்கள் வீட்டு ரவுட்டரிடமே நேரடியாக முகவரி வாங்கிக்கொள்ளும். கேபிள் இணைப்பு என்றால் அருமையாக வேலை செய்யும். வைஃபையில் சில கார்டுகள் முரண்டு பிடிக்கும். அறியாத மேக் முகவரியை, அதாவது கார்டின் அடையாள எண்ணை, தடுக்கும் கல்லூரி, அலுவலக நெட்வொர்க்குகளில் விஎம்முக்கு முகவரியே கிடைக்காது. போதாததற்கு, இடம் மாறினால் ஐபி முகவரியும் மாறும்.

சரி, வேலைக்கு வருவோம். கீழே உள்ளவை விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியில் ஓடும் 7-ஆம் பதிப்புக்கானவை.

படி 1: விஎம்மை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். சேவ் செய்து மூடினால் போதாது. அடாப்டர் அமைப்புகள் மங்கலாகவே இருக்கும்.

படி 2: ஃபைல் மெனுவில் டூல்ஸ், அதற்குள் நெட்வொர்க் மேனேஜர். ஹோஸ்ட்-ஒன்லி பட்டியல் காலியாக இருந்தால் கிரியேட்டை அழுத்துங்கள். உங்கள் கணினிக்கு வழக்கமாக 192.168.56.1 கிடைக்கும். முகவரிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வர் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: விஎம்மின் செட்டிங்ஸ், நெட்வொர்க். அடாப்டர் 1-ஐத் தொடாதீர்கள். அடாப்டர் 2-ஐ இயக்கி, ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: விஎம்மைத் தொடங்கி, முகவரிகளைக் காட்டும் 'ஐபி ஏ' கட்டளையைக் கொடுங்கள். எஸ்3 என்று முடியும் பெயர் முதல் கார்டு, எஸ்8 என்று முடிவது இரண்டாவது. எஸ்8-க்கு எதிரே 192.168.56-இல் தொடங்கும் முகவரி இருந்தால் அடுத்த படியைத் தாண்டிவிடலாம்.

படி 5: பெரும்பாலும் இருக்காது. உபுண்டு சர்வரில் பிறகு சேர்த்த கார்டு தானாக எழுந்துகொள்ளாது. பலரும் விர்ச்சுவல்பாக்ஸைத் திட்டிவிட்டுக் கைவிடுவது இந்த இடத்தில்தான். எட்சி ஃபோல்டருக்குள் இருக்கும் நெட்பிளான் ஃபோல்டருக்குப் போய், அங்குள்ள யாமல் வகை அமைப்பு ஃபைலை சுடோவோடு (நிர்வாகி உரிமையோடு) திறவுங்கள். முதல் கார்டுக்கு இருக்கும் வரிகளை அப்படியே நகலெடுத்துக் கீழே ஒட்டி, பெயரின் முடிவை மட்டும் எஸ்3-இலிருந்து எஸ்8 என்று மாற்றுங்கள். இடைவெளி மேலே உள்ளதோடு அச்சாகப் பொருந்த வேண்டும். டேப் விசையைத் தொடவே கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான். சேமித்த பிறகு 'சுடோ நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 வினாடிக்குள் என்டர் அழுத்தாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் என்பதால், நேராக 'அப்ளை' கொடுப்பதைவிட இது பாதுகாப்பு.

படி 6: மறுபடி 'ஐபி ஏ'. 192.168.56.101 போல ஒன்று தெரியும். உங்கள் கணினியிலிருந்து அந்த எண்ணுக்கு பிங் அடியுங்கள், அப்புறம் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் நுழையுங்கள். வைஃபையை அணைத்தாலும் இந்த இணைப்பு அறாது.

எஸ்எஸ்ஹெச் ஒன்று மட்டும் போதும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. அடாப்டர் 1-இல், உங்கள் கணினிக்கு வரும் இணைப்பை விஎம்முக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கைத் திறந்து, ஹோஸ்ட் போர்ட் 2222, கெஸ்ட் போர்ட் 22 என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அதன்பின் லோக்கல்ஹோஸ்ட்டின் (உங்கள் கணினியின்) 2222-க்கு இணைய வேண்டும்.

விஎம்மில் ஓடும் தளத்தைக் கைபேசியில் பார்க்க வேண்டுமா? ஹோஸ்ட்-ஒன்லி உதவாது, அப்போது பிரிட்ஜ்டுக்குப் போங்கள். விஎம்முக்குள் இருப்பது விண்டோஸ் என்றால், முகவரி சரியாக இருந்தும் பிங்குக்குப் பதில் வராமல் போகலாம். அடாப்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் அதன் ஃபயர்வாலைப் பாருங்கள்.